பாழ்மனைப் படங்களும் கையறுநிலையும்

முன்னுரை

தகடூர் என்பது இற்றைத் தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்டதும், ஔவையார் பாடியதும், பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்ததும் இவ்வூரே. இவ்வூரின் வீழ்ச்சி பற்றிச் சங்கப் பாடல்களில் இருவேறு குரல்கள் கேட்கின்றன. ஒன்று வென்றவனைப் போற்றும் குரல். மற்றொன்று வீழ்ந்தவனுக்கு இரங்கும் குரல். இவ்விரண்டும் ஒரு புலவர் வாயிலிருந்தே பிறந்தன என்பது நினையத்தக்கது. பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் தகடூர் எறிந்த சேரனைப் புகழ்ந்தவர் அரிசில்கிழார். புறநானூற்றின் 230ஆம் பாட்டில், அத்தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினியை நினைந்து, விதைநெல்லை உண்டுவிட்ட உழவனைப் போலக் கூற்றுவன் அறிவிழந்தான் என்று நொந்தவரும் அவரே. வீழ்ச்சி ஒன்று, கண்ட புலவரும் ஒருவர், துறைகள் மட்டும் இரண்டு.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ள நடுகற்களைக் கண்டு நின்ற வேளையில் எமக்கு எழுந்த ஓர் ஐயமே இக்கட்டுரைக்கு வித்து. அண்மைக் காலத்தில் மேலை நாடுகளில், கைவிடப்பட்ட மனநோய் மருத்துவமனைகளுள் புகுந்து ஒளிப்படம் எடுத்தல் ஒரு தனிக் கலைவகையாக வளர்ந்துள்ளது. உரிந்த சுவர்களும், துருவேறிய கட்டில்களும், ஆளில்லா நெடுங்கூடங்களும் நூல்களாகவும் காட்சிகளாகவும் வெளிவருகின்றன. இப்படங்களைக் காண்போர் நெஞ்சில் தோன்றும் உணர்ச்சி யாது? இரக்கமா, வியப்பா, வென்றோர் களிப்பா? இவ்வினாவுக்கு விடை காணத் தமிழ்ப் புறத்திணை மரபு துணைநிற்கும் என்பது எம் கருத்து. அக்கருத்தை ஈண்டு ஆராய்வாம்.

மருத்துவமனைகள் பாழ்பட்ட வரலாறு

அமெரிக்க நாட்டில் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதற்கொண்டு மாநிலந்தோறும் பெரிய மனநோய் மருத்துவமனைகள் எழுந்தன. தாமசு கிர்க்பிரைடு என்னும் மருத்துவர் வகுத்த அமைப்பே அவற்றுட் பலவற்றுக்கு முன்மாதிரி. நடுவே தலைமைக் கட்டடம். அதன் இருபுறமும் படிப்படியாகப் பின்வாங்கி நீளும் சிறகுகள். ஒவ்வோர் அறைக்கும் ஒளியும் காற்றும் உண்டு. கட்டடத்தின் அமைதியே நோயாளரின் உள்ளத்தை ஓரளவு ஆற்றும் என்பது அவர்தம் கொள்கை. ஆயினும் காலம் செல்லச் செல்ல இக்கொள்கை சிதைந்தது. மாசச்சூசெட்சு மாநிலத்தில் 1878இல் திறக்கப்பெற்ற டான்வர்சு மருத்துவமனை ஏறத்தாழ 500 பேருக்கெனக் கட்டப்பட்டது. பின்னாளில் 2,000க்கு மேற்பட்டோர் அதனுள் அடைக்கப்பட்டனர். புகலிடமாகத் தோன்றியது நெருக்கிடமாக மாறிற்று.

1955இல் அந்நாட்டின் பொது மனநோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,58,000 பேர் இருந்தனர். 1950களில் குளோர்புரோமசின் முதலிய மருந்துகள் பயன்பாட்டுக்கு வந்தன. 1963இல், நோயாளரை அவரவர் ஊர்ப்புறத்திலேயே பேணும் நடுவங்களுக்கு வழிசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. செலவைக் குறைக்க விரும்பிய அரசுகளும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. டான்வர்சு 1992இல் மூடப்பட்டது. 2006இல் தொடங்கி அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. வெளியேறியோருள் வீடு பெற்றோர் பலர். தெருவையும் சிறையையும் அடைந்தோரும் பலர்.

மூடிய கட்டடத்தில் வெப்பமூட்டல் நின்றுபோகின்றது. கூரை வழியே நீர் இறங்குகின்றது. உறைபனியும் ஈரமும் சுவருட் புகுகின்றன. பல அடுக்காகப் பூசப்பட்ட வண்ணம் செதில் செதிலாக உரிகின்றது. ஒளிப்படக் கலைஞர் நாடிச் செல்லும் அழகு இவ்வாறு விளைந்ததே. ஆள்வோர் செலவை நிறுத்தியதால் பிறந்த அழகு அது என்பதை மறத்தல் ஆகாது.

பாழ் என்னும் காட்சி

பாழ்பட்ட இடத்தைச் சொல்லோவியமாகத் தீட்டுவதில் நம் புலவர் மிக வல்லவர். புறநானூற்றின் 52ஆம் பாட்டை நோக்குவாம். மருதன் இளநாகனார், பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியைப் பாடியது அது. வேந்தன் சினந்த நாட்டில் ஒரு பொதியில் பாழ்பட்டுக் கிடக்கின்றது. தூணில் உறைந்த கடவுள் அதனைவிட்டு நீங்கிற்று, பலியும் நின்றுபோயிற்று. நரைத்த முதியோர் பல்லாண்டுக் காலம் சூதாடுகாய் இட்டு இட்டுத் தேய்ந்த குழி ஒன்று அங்கே உளது. அக்குழி நிறையக் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கின்றது.

இக்காட்சியின் ஆற்றல் யாண்டு உளது? முதியோர் அங்கு இல்லை. அவர்தம் கை தேய்த்த குழி உளது. இல்லாதவரை இருக்கும் தடத்தால் காட்டுதலே இப்பாட்டின் நுட்பம். கிறிஸ்டபர் பெயின் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2009இல் வெளியிட்ட புகலிடம் எனப் பொருள்படும் நூலில் ஒரு படம் உண்டு. நியூயார்க் மாநிலத்து அட்சன் ஆற்று மருத்துவமனையில், நோயாளர் பயன்படுத்திய பல் துலக்கிகள் ஒரு பேழையுள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றைப் பிடித்த கைகள் இல்லை. நாடோறும் நிகழ்ந்த தொழிலின் சுவடு மட்டும் உளது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு இப்பாலும் அப்பாலும் நின்று இரு கலைஞர் ஒரே உத்தியைக் கையாண்டுள்ளனர் எனலாம்.

ஆயினும் இவ்வொற்றுமையைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடின் ஆராய்ச்சி நிறைவுறாது. இளநாகனார் பாட்டு இரங்கற்பாட்டு அன்று. வேந்தனின் வலிமையைப் புகழ்வது. முட்டை நிறைந்த குழி அவ்வேந்தனது சினத்திற்குச் சான்றாக நிற்கின்றது. பட்டினப்பாலையும் மதுரைக்காஞ்சியும் பகைவர் நாடு பாழ்பட்ட நிலையை விரித்துரைப்பதும் இந்நோக்கம் பற்றியே. எனவே, பாழைக் காட்டுதல் வேறு, பாழுக்கு இரங்குதல் வேறு என்பது தெளிவாகின்றது. ஒரே காட்சி எத்துறைக்கும் பொருந்தும். துறையை முடிவுசெய்வது காட்சி அன்று. காண்போன் நிற்கும் இடமே.

கொற்றவள்ளை

பகைவர் நாட்டழிவு பற்றிய துறை கொற்றவள்ளை எனப்படும். தொல்காப்பியர் இதனை வஞ்சித்திணையுள் வைத்தார். புறப்பொருள் வெண்பாமாலையும் அவ்வாறே வைத்தது. வேந்தன் புகழை எடுத்துரைத்து, பகைவர் நாட்டின் அழிவுக்கு இரங்குதல் என வெண்பாமாலை இதற்கு இலக்கணம் கூறுகின்றது. இவ்விலக்கணத்தில் இரக்கமும் ஒரு கூறாக அமைந்துள்ளமை கூர்ந்து நோக்கத்தக்கது. கொற்றவள்ளை பாடுவோன் கல்நெஞ்சன் அல்லன்; அவனும் இரங்குகின்றான். ஆனால் அவ்விரக்கம் தனித்து நிற்பதன்று. புகழுக்கு அணியாய் நிற்பது.

பாழ்மனைப் படங்களுட் பெரும்பாலானவை இத்துறையைச் சார்ந்தனவே என்பது எம் துணிபு. இங்கு வேந்தன் யாவன் எனின், நிகழ்காலமே வேந்தன் என்க. சங்கிலிகளையும் இருண்ட அறைகளையும் காட்டும் படம், அவற்றைக் காண்போனை நோக்கி, நீ அக்காலத்தைக் கடந்துவந்தாய் என்று வாழ்த்துகின்றது. காண்போன் சற்றே இரங்குகின்றான். அவ்விரக்கத்தின் ஊடே தன் அறிவுத் தெளிவையும் தன் காலத்தின் உயர்வையும் எண்ணி அமைதி அடைகின்றான். நெடுங்கூடத்தின் நடுவே ஒற்றைச் சக்கர நாற்காலியை இழுத்து நிறுத்திப் படம் எடுப்போரும் உளர். அந்நாற்காலியில் அமர்ந்தவர் யார் என்ற வினா அப்படத்தில் எழுவதில்லை, அச்சமே எழுகின்றது. டான்வர்சு கட்டடத்தில் எடுக்கப்பெற்று 2001இல் வெளிவந்த அச்சத் திரைப்படம் ஒன்று இம்மனப்பான்மைக்குத் தக்க சான்று. நோயுற்று வாழ்ந்து மடிந்தோர் அங்கே பேய்களாக்கப்பட்டனர். பாழ்நிலத்தில் பேய்மகளிரை உலவவிட்ட பழைய மரபே இது. வாழ்த்தப்பெறும் வேந்தன் மட்டும் மாறினான்.

கையறுநிலை

இனிக் கையறுநிலையைக் காண்பாம். தொல்காப்பியர் இதனைக் காஞ்சித்திணையின்கண் வைத்தார். வெண்பாமாலை பொதுவியற் படலத்துள் வைத்தது. இறந்தார்பொருட்டு எஞ்சி நின்றோர் செயலற்று வருந்துதல் இதன் பொருள். அஞ்சி இறந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் பாட்டும், பறம்பினை இழந்த பாரிமகளிரின் 112ஆம் பாட்டும், பாரியை நினைந்து கபிலர் பாடியனவும் இத்துறையின் கொடுமுடிகள். இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் மூன்று கூறுகள் பொதுவாக விளங்கும். ஒன்று, இறந்தவர் இன்னார் என்பது தெரிகின்றது. இரண்டு, பாடுவோர்க்கும் இறந்தவர்க்கும் உள்ள உறவு தெரிகின்றது. மூன்று, அவ்விறப்பால் பாடுவோர் இழந்தது யாது என்பது தெரிகின்றது. இம்மூன்றும் இல்வழிக் கையறுநிலை இல்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு மூவர் படைப்புகளை மதிப்பிடுவாம்.

முதலாமவர் மேற்குறித்த கிறிஸ்டபர் பெயின். கட்டடக் கலை பயின்ற இவர், 2002 முதல் ஆறு ஆண்டுகள் 30 மாநிலங்களில் 70 மருத்துவமனைகளைச் சென்று கண்டார். மின்னாக்க நிலையம், பண்ணை, அரங்கு, செருப்புத் தைக்கும் கூடம் என ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு தனியூராக இயங்கியதை இவர் படங்கள் காட்டுகின்றன. இடப்பெயரை இவர் குறிக்கின்றார், பொருள்களை அலங்கரிப்பதில்லை. புகலிடம் என்னும் சொல்லின் மூலப்பொருளை நினைவூட்டி மருத்துவர் ஆலிவர் சாக்சு அந்நூலுக்கு முன்னுரை வரைந்தார். பெயினின் படங்களில் உண்மையான இழப்புணர்ச்சி உண்டு. ஆயினும் அவ்வுணர்ச்சி கட்டடத்துக்கும் அதனைக் கட்டியோர்க்கும் உரியது. பாரியை விடுத்துப் பறம்பு மலையை மட்டும் பாடினாற் போன்றது அது. பழுதன்று, எனினும் குறையுடையது.

இரண்டாமவர் டேவிட் மெய்செல். தகடூர் நாடு 1965 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. சேலம் என நாம் வழங்கும் அப்பெயரை ஒத்த பெயருடைய நகரொன்று அமெரிக்க நாட்டின் ஓரிகன் மாநிலத்தில் உண்டு. அந்நகரின் அரசு மனநோய் மருத்துவமனையில் இறந்து, உறவினரால் கொண்டுசெல்லப்படாத ஏறத்தாழ 3,500 பேரின் சாம்பல் செப்புக் குவளைகளில் இடப்பட்டு, எண் குறித்து வைக்கப்பட்டிருந்தது. அவை இருந்த நிலவறையில் நீர் புகுந்தமையால் செம்பு களிம்பேறிற்று. நீலமும் பச்சையும் வெண்மையுமாக ஒவ்வொரு குவளை மீதும் வெவ்வேறு கோலம் படர்ந்தது. மெய்செல் இக்குவளைகளைத் தனித்தனியே படம் எடுத்து, துகள்களின் நூலகம் என்னும் பொருள்படும் பெயரில் 2008இல் நூலாக்கினார்.

இப்படங்களின் அழகு மறுக்கவொண்ணாதது. ஒவ்வொரு குவளையும் மற்றொன்றினின்று வேறுபட்டிருத்தலால், எண்ணாக்கப்பட்ட மாந்தர்க்குத் தனித்தன்மை மீண்டது என்று இவற்றைப் போற்றுவோர் கூறுவர். இதனை யாம் முற்றும் உடன்படுதற்கில்லை. மீண்டது செம்பின் தனித்தன்மை. மாந்தரின் தனித்தன்மை அன்று. எனினும் மெய்செலின் படங்களும், அக்குவளைகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதியவையும் ஒரு பயன் விளைத்தன. இறந்தோர் பெயர்ப்பட்டியல் வெளியிடப்பட்டது. உறவினர் சிலர் தேடிவந்து சாம்பலைப் பெற்றனர். 2014இல் நினைவிடம் ஒன்று திறக்கப்பெற்றது. கொற்றவள்ளையாகத் தொடங்கிய ஒன்று பிறர் முயற்சியால் கையறுநிலையாக முடிந்ததற்கு இஃது எடுத்துக்காட்டு.

மூன்றாமவர் ஜான் கிரிஸ்பின். நியூயார்க் மாநிலத்து வில்லர்ட் மருத்துவமனை 1869இல் திறக்கப்பெற்று 1995இல் மூடப்பட்டது. மூடும் வேளையில், மேல்மாடத்தில் 400க்கு மேற்பட்ட பெட்டிகள் கிடந்தன. நோயாளர் உள்ளே நுழைந்த நாளிற் கொணர்ந்த பெட்டிகள் அவை. பலர் திரும்பி வெளியே வரவில்லை. மாநில அருங்காட்சியகத்திற் காக்கப்பெற்ற அவற்றைக் கிரிஸ்பின் ஒவ்வொன்றாகத் திறந்து படம் எடுத்தார். மடித்த ஆடை, கடிதம், தையற்கருவி, நாட்குறிப்பு ஆகியவை அப்பெட்டிகளில் உள்ளன. வெளியே ஒரு வாழ்வு இருந்தது, அதற்குத் திரும்பும் எண்ணமும் இருந்தது என்பதை அப்பொருள்கள் உணர்த்துகின்றன. பாழ்மனையின் அழகு இப்படங்களில் அறவே இல்லை. ஆளை நோக்கிச் செல்லும் முயற்சியே உளது. எம் அளவுகோலுக்கு மிக அணித்தாய் வருவன இவையே. ஆயினும் ஒரு தடை குறுக்கிடுகின்றது. நோயாளர் மறைவுரிமை பற்றிய விதிகளால் அவர்தம் முழுப்பெயரை வெளியிடக் கலைஞர்க்கு இசைவில்லை.

பெயரும் எண்ணும்

இத்தடையே எம்மை மீண்டும் நடுகல்லின்பாற் செலுத்துகின்றது. தருமபுரி, கிருட்டினகிரி, செங்கம் பகுதிகளில் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் பல, பல்லவர் காலத்து வட்டெழுத்துப் பொறிப்புகளைத் தாங்கியவை. எவ்வரசனின் எவ்வாண்டில், எவ்வூரில், யார் மகன், எதன்பொருட்டு வீழ்ந்தான் என்பதை அவை சுருங்கக் கூறும். வீழ்ந்தவன் பேரரசன் அல்லன். ஆநிரை மீட்கச் சென்ற ஊர்மகன். செங்கம் பகுதியின் எடுத்தனூரில் ஒரு நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பட்டது. தலைவன் வீழ்ந்தபின், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாயை அது காட்டுகின்றது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும் அக்கல்லே கூறுகின்றது. ஒரு நாயின் பெயர் பதினான்கு நூற்றாண்டுகளாக நம் நாட்டுக் கல்லில் நிலைத்துள்ளது.

வில்லர்ட் மருத்துவமனையின் இடுகாட்டில் ஆயிரக்கணக்கான குழிகள் உள. அவற்றின்மீது எண்களே இடப்பட்டன. அங்கு நோயாளராய் இருந்த ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட குழிகளைத் தம் கையால் தோண்டினார் என்பர். டான்வர்சு இடுகாட்டின் நிலையும் அதுவே. பின்னாளில் அம்மருத்துவமனையில் முன்பு நோயாளராய் இருந்தோரும் அவர்தம் துணைவரும் முயன்று இறந்தோர் பெயரைத் தேடிப் பொறித்தனர். எண் இட்டவர்க்கும் ஒரு காரணம் இருந்தது. பெயரை வெளியிடின் குடும்பத்துக்கு இழுக்கு நேரும் என்று கருதினர். ஆகவே, பெயரின்மை முழுதும் இகழ்ச்சியால் வந்தது என்று கூறுதல் நேர்மை ஆகாது. காத்தலும் இகழ்தலும் அங்கே பின்னிக் கிடக்கின்றன. இப்பின்னலை விடுவிக்க வேறோர் இலக்கணம் வேண்டும்.

அகமும் புறமும்

அவ்விலக்கணம் தொல்காப்பிய அகத்திணையியலில் உளது. அன்பின் ஐந்திணை ஒழுக்கத்தைப் பாடுமிடத்து, அதற்குரியாரை இன்னார் எனப் பெயர் சுட்டுதல் கூடாது என்பது விதி. புறத்திணைக்கு இத்தடை இல்லை. அங்கே பெயர் பொருந்தும்.

அகவிதி காதலுக்கு உரியது. மனநோய்க்கு அதனைக் கொண்டுவருதல் பொருந்துமோ என்று கற்றோர் வினவுதல் கூடும். விதியின் சொல்லை நோக்காது அதன் காரணத்தை நோக்கின் ஐயம் அகலும். உள்ளத்தின் உள்ளே நிகழ்வது மாந்தர்க்கெல்லாம் பொது. அதனை ஒருவர்மேல் ஏற்றிப் பெயர் கூறின் அஃது அலராய்விடும். வாழ்கின்றவரை அலர் வருத்தும். மனநோயுற்றார்மீது சமுதாயம் தூற்றுவதும் ஒருவகை அலரே. தமிழ்நாட்டிற் கீழ்ப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரும், மலேயத் தமிழரிடையே தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப்பெயரும் இகழ்மொழியாக வழங்கியமை அவ்வலரின் வலிமையைக் காட்டும். ஆதலின் வாழும் நோயாளரின் பெயரும் முகமும் அகத்தின்பாற்படும். மறைத்துக் காத்தல் முறை. 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பேணல் சட்டமும், சிகிச்சை பெறுவோர் இசைவின்றி அவர்தம் ஒளிப்படத்தை ஊடகங்களுக்கு வெளியிடலாகாது என விதித்துள்ளது.

இறந்தபின்னரோ நிலை மாறுகின்றது. அலர் தொடமுடியாத இடத்துக்கு அவர் சென்றுவிட்டார். இனி அவர் புறத்திணைக்கு உரியவர். பெயர் அவர்க்குச் சுமையன்று, உரிமை.

இவ்வொளியில் மனநோய் மருத்துவமனைகளின் ஒளிப்பட வரலாற்றை நோக்கின் ஒரு தலைகீழ் மாற்றம் புலனாகும். 1850களில் இங்கிலாந்தின் சர்ரே மருத்துவமனையில் ஹியூ டயமண்ட் என்னும் மருத்துவர் பெண் நோயாளரின் முகங்களைப் படம் எடுத்தார்; முகத்தோற்றத்தால் நோயை அறியலாம் எனக் கருதினார். 1870களில் பாரிசு நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில், சார்க்கோவின் தலைமையில், நோயுற்ற மகளிரின் துடிப்பும் வலிப்பும் படத் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. வாழ்ந்தோரின் முகம் ஊரறியக் காட்டப்பட்டது. இறந்தோரின் பெயர் எண்ணுள் மறைக்கப்பட்டது. மறைக்கவேண்டியது வெளிப்பட்டது, வெளிப்படவேண்டியது மறைந்தது. பின்வந்த பாழ்மனைப் படங்கள் முகத்தையும் நீக்கின, பெயரையும் மீட்கவில்லை.

இவ்விதிக்கும் புறனடை உண்டு. 1969இல் இத்தாலியில், மருத்துவர் பிராங்கோ பசாலியாவும் அவர் மனைவி பிராங்கா பசாலியாவும் தொகுத்த நூலொன்று வெளிவந்தது. கார்லா செராட்டி, பெரெங்கோ கார்தின் என்னும் இருவர் எடுத்த படங்கள் அதில் உள. மொட்டையடித்த தலையும், கட்டிய கையும், கம்பிக்குள் குந்திய உருவமுமாக வாழும் நோயாளரே அவற்றிற் காணப்படுகின்றனர். முகம் காட்டியமையால் விதி மீறப்பட்டது மெய். ஆயினும் அப்படங்கள் நோயாளரை ஆராயவில்லை. அவரை அடைத்தோரைக் குற்றஞ்சாட்டின. ஒன்பது ஆண்டுகளுக்குப்பின், 1978இல், அந்நாடு மனநோய் மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடச் சட்டம் இயற்றியது. உயிரோடிருப்போரை மீட்பதற்கு எடுத்த படமும், மூடிய கட்டடத்தில் அழகுக்கென எடுத்த படமும் ஒரு தட்டில் வைத்து நிறுக்கத்தக்கன அல்ல.

நம் நாட்டு நிலை

மேலை நாட்டு நிலையை இத்துணை விரித்தமைக்குக் காரணம் உண்டு. சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனொலி என்னும் மருத்துவர் பொறுப்பில் மனநோயாளர்க்கென ஓர் இல்லம் தோன்றியது. 1871இல் கீழ்ப்பாக்கத்தில் 145 நோயாளருடன் புதிய மருத்துவமனை திறக்கப்பெற்றது. 1978இல் அது மனநலக் கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்றும் இயங்கி வருகின்றது. எனவே, மேலை நாட்டைப் போல் நெடுங்காலம் ஆளற்றுக் கிடக்கும் பெருமனை இங்கே படக்கலைஞர்க்குக் கிட்டுவது அரிது. தருமபுரியிற் பாழ்பட்ட கோட்டையும் சிதைந்த கோயிலும் உண்டு. பாழ்பட்ட மனநோய் மருத்துவமனை பற்றிய பேச்சு இல்லை.

ஆயின் நாம் நெஞ்சு நிமிர்த்துவதற்கு இதில் யாதும் இல்லை. இங்கே கைவிடப்படுவது மனை அன்று, மாந்தர். நோய் தணிந்த பின்னும் உறவினர் அழைத்துச் செல்ல வாராமையால் மருத்துவமனைகளிலேயே முதுமை எய்தியோர் உளர். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாது 28 பேர் மடிந்தனர். அதன்பின்னர் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை ஆய்ந்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுதலை எவ்வகையினும் தடைசெய்தது.

இந்நிகழ்ச்சி பற்றி எழுதுவோர் 28 என்னும் எண்ணையே எழுதுகின்றனர். யாமும் ஈண்டு அவ்வெண்ணையே எழுதினோம். வில்லர்ட் இடுகாட்டின் எண்களைக் குறைகூறிய கை தானும் அதனையே செய்தது. எண்ணுக்குப் பின்னே 28 பெயர்கள் இருந்தன. அப்பெயர்களுக்கு உரிய ஊர்களும் உறவினரும் இருந்தனர். நடுகல் மரபில் வளர்ந்த ஒரு நாட்டில், ஆநிரை மீட்டு இறந்தவனும் அவன் நாயும் பெற்ற சிறப்பை, கட்டுண்டு எரிந்தோர் பெறவில்லை. போரில் வீழ்ந்தார்க்கே கல் உரியது என்பார் கூற்றை அறிவோம். எனினும் கையறுநிலைக்கு மறம் வேண்டுவதில்லை. இழப்பு ஒன்றே போதும். அவ்விழப்பு எமது என்று கூற முன்வருவோர் இன்மையே இங்குக் குறை.

முடிவுரை

நடுகல் எடுத்தற்குக் காட்சி தொடங்கி வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. தக்க கல்லைத் தேடிக் காண்டல் அவற்றுள் முதலாவதான காட்சி. அதன்பின் கல்லைக் கொள்ளலும், நீராட்டலும், நடுதலும், படையலும், வாழ்த்தும் உள. பாழ்மனை புகுந்து படம் எடுப்போர் செய்வது காட்சி ஒன்றே. காட்சி இன்றிக் கல் இல்லை. ஆதலின் அவர் தொழில் இகழத்தக்கதன்று. காட்சியோடு நின்றுவிட்டுக் கல் நட்டுவிட்டோம் எனக் கருதுவதே பிழை. ஓரிகன் மாநிலத்துச் சாம்பற் குவளைகள் காட்சியினின்று பெயர்ப் பொறிப்பு வரை சென்ற வழியைக் காட்டுகின்றன. அவ்வழியில் நடந்தோருள் கலைஞர் ஒருவர் மட்டும் அல்லர். பதிவேடு காத்தோரும், சட்டம் திருத்தினோரும், தேடிவந்த உறவினரும் உளர்.

இதுகாறும் கூறியவற்றால், பாழ்பட்ட மனநோய் மருத்துவமனைகளின் படங்கள் பெரும்பாலும் கொற்றவள்ளைத் துறையின்பாற்படுவன என்பதும், இறந்தவர் இன்னார் என அறிந்து, உறவு கூறி, இழப்பு உணர்த்துவனவே கையறுநிலையாம் என்பதும், வாழ்வோர் முகத்தை அகமாகக் காத்தலும் மாய்ந்தோர் பெயரைப் புறமாகப் பொறித்தலும் இக்கலைக்கு அறமாம் என்பதும் பெறப்படும். அரிசில்கிழார் வென்ற சேரனைப் பாடிய வாயால், வீழ்ந்த எழினியையும் பெயர் கூறிப் பாடினார். படக்கருவியைக் கையில் ஏந்திப் பாழ்மனை வாயிலில் நிற்போர்க்குத் தகடூர் தரும் பாடம் அதுவே.